பிழையைச் சொல்லவும் வேளை உண்டு

வங்கிப் படிவம் ஒன்றை நிரப்புவதில் இரண்டு வேலைகள் அடங்கியுள்ளன. விவரங்களை எழுதுவது ஒன்று. எழுதியவை சரிதானா என்று பார்ப்பது மற்றொன்று. முதல் வேலை வாடிக்கையாளருடையது. இரண்டாவது வேலை நெடுங்காலமாகக் கவுன்டருக்கு அப்பால் அமர்ந்திருந்த எழுத்தருடையதாக இருந்தது. செலுத்துச் சீட்டை முழுமையாக நிரப்பி நீட்டிய பிறகே அவரது பார்வை அதன் மீது படும். தேதி, கணக்கு எண், எண்ணாலும் எழுத்தாலும் குறித்த தொகை, கையொப்பம் என வரிசையாகப் பார்த்து, குறை இருந்தால் சீட்டைத் திருப்பித் தருவார். எழுதும்போது யாரும் குறுக்கிடுவதில்லை. எழுதி முடித்ததும் ஒரே முறை பார்வையிடப்பட்டது.

இன்று அந்தச் சீட்டு திரைக்கு இடம்பெயர்ந்துவிட்டது. கிளையில் எங்கள் மேசை மீதுள்ள கணினியிலும், தங்கள் கையிலுள்ள கைபேசியிலும் படிவம் கட்டம் கட்டமாக விரிகிறது. சரிபார்க்கும் வேலையின் பெரும்பகுதியை மென்பொருள் ஏற்றுக்கொண்டுள்ளது. எழுத்தருக்கு இல்லாத ஒரு வசதி மென்பொருளுக்கு உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போதே அது குறுக்கிட முடியும். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் நிறுத்தி வினவ முடியும். இறுதிவரை மௌனமாக இருந்துவிட்டு மொத்தமாகவும் சொல்ல முடியும். எதைச் சரிபார்ப்பது என்பது பெரும்பாலும் விதிகளால் முடிவாகிவிட்ட ஒன்று. எப்போது சரிபார்ப்பது என்பதை ஒவ்வொரு திரையையும் வடிவமைப்பவர் முடிவு செய்கிறார். அந்த முடிவு வாடிக்கையாளரின் பொறுமையையும், சில நேரங்களில் அவரது பணத்தையும் பாதிக்கிறது. ஆகவே இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

நான்கு வேளைகள்

திரையில் ஒரு பதிவைச் சரிபார்க்க நான்கு வேளைகள் உள்ளன. விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தும் வேளை முதலாவது. ஒரு கட்டத்தை முடித்து அடுத்த கட்டத்திற்கு நகரும் வேளை இரண்டாவது. படிவம் முழுவதையும் நிரப்பி 'சமர்ப்பி' என்ற பொத்தானை அழுத்தும் வேளை மூன்றாவது. விவரங்கள் வங்கியின் மையக் கணினியையோ, எதிர்முனை வங்கியையோ சென்றடையும் வேளை நான்காவது.

முதல் வேளைக்கு ஏற்ற சோதனைகள் மிகச் சிலவே. கைபேசி எண்ணுக்கான கட்டத்தில் எழுத்துகளை ஏற்காதிருப்பதும், 10 இலக்கங்களுக்கு மேல் அனுமதிக்காதிருப்பதும் அவ்வகையைச் சேர்ந்தவை. ஆனால் மூன்றாவது இலக்கத்தை அழுத்தும்போதே 'எண் தவறு' என்று சிவப்பு எழுத்தில் அறிவிக்கும் திரைகளும் உள்ளன. முடிவடையாத ஒன்றைத் தவறு என்று கூறுவது முறையாகாது. பேசிக்கொண்டிருப்பவரை முதற்சொல்லிலேயே இடைமறிப்பதைப் போன்றது அது. முதல்முறையாகத் திரையில் பணம் அனுப்ப முனையும் முதியவர் ஒருவர், தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாக அஞ்சி அத்துடன் நிறுத்திவிடவும் கூடும்.

இரண்டாவது வேளையே பெரும்பாலான கட்டங்களுக்கு உகந்தது. ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டை எடுத்துக்கொள்வோம். அதில் 11 எழுத்துருக்கள் உண்டு. முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள். ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். இறுதி ஆறும் கிளையைக் குறிப்பவை. ஐந்தாவது இடத்தில் பூஜ்யத்திற்குப் பதிலாக 'ஓ' என்ற ஆங்கில எழுத்தைப் பதிவது அன்றாடம் நேரும் பிழை. கட்டத்தை விட்டு நகர்ந்தவுடன் இதனைத் திரை சுட்டிக்காட்டினால், குறியீட்டைத் தாங்கிய காசோலைப் புத்தகம் அப்போதும் கையிலேயே இருக்கும். பார்வையும் அதே வரியில் இருக்கும். திருத்த ஒரு நொடி போதும். இதே பிழையைப் பன்னிரண்டு கட்டங்களை நிரப்பிய பிறகு சுட்டிக்காட்டினால், காசோலைப் புத்தகத்தை மீண்டும் தேட வேண்டியிருக்கும்.

பான் எண்ணும் இத்தகையதே. மொத்தம் 10 இடங்கள். முதல் ஐந்தும் எழுத்துகள், அடுத்த நான்கும் இலக்கங்கள், இறுதியில் மீண்டும் ஓர் எழுத்து. நான்காவது எழுத்து, எண்ணுக்குரியவர் தனிநபரா, நிறுவனமா, கூட்டாண்மையா, இந்துக் கூட்டுக் குடும்பமா என்பதை உணர்த்தும். தனிநபர் சேமிப்புக் கணக்கைத் தொடங்கும் படிவத்தில் நிறுவனத்தின் பான் எண் பதியப்பட்டால், கட்டத்தை விட்டு நகரும்போதே திரையால் அதனை அறிய இயலும்.

மூன்றாவது வேளைக்குரியவை, ஒரு கட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாதவை. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டை நாமினி எனப்படும் நியமனதாரர் தொடர்பான மாற்றம் அண்மையில் தந்துள்ளது. 2025 ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தத்தின்படி, 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குகளுக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஒரே நேரத்தில் பங்கு பெறும் வகையில் நியமித்தால், ஒவ்வொருவருக்கும் உரிய விழுக்காட்டைக் குறிப்பிட வேண்டும். மொத்தம் 100 ஆக வேண்டும். மனைவிக்கு 40 என்று முதற்கட்டத்தில் எழுதியவுடன் 'மொத்தம் 100 இல்லை' என்று திரை தடுத்தால் அதில் பொருளில்லை; மகனுக்கும் மகளுக்கும் உரிய பங்குகள் இன்னும் எழுதப்படவே இல்லை. நால்வரின் பங்குகளும் நிரப்பப்பட்ட பின்னரே கூட்டிப் பார்க்க முடியும். அதேபோல் நியமனதாரர் 18 வயது நிரம்பாதவராயின், அவர் சார்பில் பணத்தைப் பெறுவதற்கு உரியவரின் பெயரும் தேவை. பிறந்த தேதியையும் பெயரையும் எந்த வரிசையில் நிரப்புவார் என்பது வாடிக்கையாளரின் விருப்பம். எனவே அந்தச் சோதனையும் இறுதியிலேயே நிகழ வேண்டும்.

நான்காவது வேளைக்குரிய வினாக்களுக்குத் திரையிடம் விடையில்லை. அந்தக் கணக்கு உண்மையில் உள்ளதா, இயக்கத்தில் உள்ளதா, அதற்குரியவர் யார் என்பன மையக் கணினிக்கும் எதிர்முனை வங்கிக்கும் மட்டுமே தெரிந்தவை.

வெளியேற விடாத திரை

வணிகவியல் பயின்று வங்கிப் பணிக்கு வந்த எங்களைப் போன்றோர் நிரல் எழுதுவதில்லை. ஆயினும் புதிய திரைகள் பயன்பாட்டுக்கு வருமுன் அவற்றை இயக்கிப் பார்த்துக் குறைகளைக் கூறும் பணி கிளை அலுவலர்களுக்கும் வருவதுண்டு. அவ்வாறு பார்க்கும்போது, கணினி இந்த வேளைகளை எங்ஙனம் கையாள்கிறது என்பதை ஓரளவு அறிந்துகொள்ள நேர்ந்தது. விண்டோஸ் கணினிகளில் இயங்கும் மேசைத்திரைப் பயன்பாடுகளின் வரலாறு இதில் சுவையானது.

திரையில் எந்தக் கட்டம் இப்போது விசைப்பலகைக்குச் செவிசாய்க்கிறதோ அதனைக் கவனம் பெற்ற கட்டம் என்பர். தொடக்கக் காலத்தில் ஒரு கட்டம் கவனத்தை இழந்த பின்னர் அதனைச் சோதித்து, பிழை இருந்தால் கவனத்தை மீண்டும் அங்கேயே இழுத்து வருவது நிரலாளர்களின் வழக்கம். அடுத்தடுத்த இரு கட்டங்களிலும் பிழை இருந்தால் சிக்கல் தொடங்கும். முதற்கட்டம் தன்பால் இழுக்கும்; உடனே இரண்டாவது கட்டம் கவனத்தை இழந்ததாகக் கருதித் தன்பால் இழுக்கும். முடிவின்றி இரண்டும் இழுத்துக்கொண்டிருக்க, பயன்படுத்துபவர் செய்வதறியாது அமர்ந்திருப்பார்.

1998 இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட விஷுவல் பேசிக் 6 இதற்கு ஒரு தீர்வைத் தந்தது. கவனம் இடம்மாறிய பிறகு சோதிப்பதற்கு மாறாக, மாறுவதற்கு முன்னரே சோதிக்கும் ஏற்பாடு அதில் வந்தது. அதனுடன் 'காசஸ் வேலிடேஷன்' என்ற ஒரு பண்பும் சேர்ந்தது. சோதனை நடைபெற வேண்டுமா வேண்டாமா என்பதை, புறப்படும் கட்டத்தின் பண்பு தீர்மானிப்பதில்லை. சென்று சேரும் இடத்தின் பண்பே தீர்மானிக்கிறது. அடுத்த கட்டத்திற்குச் சென்றால் சோதனை நடக்கட்டும். 'ரத்து' அல்லது 'உதவி' என்ற பொத்தானுக்குச் சென்றால் சோதனை வேண்டாம் என்று நிரலாளர் அமைத்துவிடலாம்.

இந்த ஏற்பாட்டை மறந்துவிட்ட திரையில் என்ன நேரும் என்பதைக் கவுன்டரில் எளிதில் காணலாம். பணம் அனுப்ப வந்த வாடிக்கையாளர், பயனாளியின் கணக்கு எண்ணில் ஐயம் எழுந்து, 'இருக்கட்டும் சார், வீட்டில் கேட்டுவிட்டு நாளை வருகிறேன்' என்கிறார். அலுவலர் 'ரத்து' பொத்தானை அழுத்துகிறார். 'கணக்கு எண் முழுமையாக இல்லை' என்று திரை மறுக்கிறது. கணக்கு எண் தெரியாததால்தான் ரத்து செய்கிறார் என்பது திரைக்குப் புரிவதில்லை. மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தினாலும் அதே மறுப்பு. இறுதியில், திரையைக் கடப்பதற்காக ஏதோ ஓர் எண்ணை நிரப்பி வெளியேறும் நிலை உருவாகும். பிழையைத் தடுப்பதற்கென அமைந்த சோதனையே, பொய்யான ஓர் எண்ணைப் பதிவதற்குக் காரணமாகிவிடுகிறது. இதில் உள்ள ஆபத்தை விளக்க வேண்டியதில்லை.

2005 இல் வெளியான டாட்நெட் 2.0 பதிப்பில் இந்தக் கட்டுப்பாடு மேலும் நெகிழ்வானது. படிவம் முழுவதற்கும் மூன்று வழிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. பிழை நீங்கும் வரை கட்டத்தை விட்டு நகர விடாதிருப்பது முதல் வழி. பிழையைக் குறித்துக்கொண்டு நகர அனுமதிப்பது இரண்டாவது. தானாகச் சோதிப்பதையே நிறுத்திவைத்து, நிரலாளர் விரும்பும்போது எல்லாக் கட்டங்களையும் ஒருசேரச் சோதிப்பது மூன்றாவது. பிழையுள்ள கட்டத்தின் அருகில் சிறிய சிவப்புக் குறி ஒன்றைக் காட்டும் வசதியும் உண்டு. பொதுமக்கள் நிரப்பும் படிவங்களுக்கு இரண்டாவது வழியே பெரிதும் பொருந்துகிறது. குறை சொல்லப்படுகிறது; வழி மறிக்கப்படுவதில்லை.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. சில பயன்பாடுகளில் 'சேமி' என்ற குறி திரையின் மேற்புறக் கருவிப்பட்டையில் இருக்கும். அத்தகைய கருவிப்பட்டைப் பொத்தான்கள் பொதுவாகக் கவனத்தைத் தமக்கென எடுத்துக்கொள்வதில்லை. எனவே அதனை அழுத்தும்போது, கடைசியாக எழுதிக்கொண்டிருந்த கட்டத்தை விட்டு நீங்கியதாகக் கணினி கருதாது. அந்தக் கட்டம் சோதிக்கப்படாமலேயே பதிவு சேமிக்கப்பட்டுவிடும். கடைசிக் கட்டம் தொகைக்குரியதாக இருந்தால் விளைவை எண்ணிப் பாருங்கள். ஆகவேதான் கட்டந்தோறும் சோதனை இருந்தாலும், சமர்ப்பிக்கும்போது எல்லாவற்றையும் மீண்டும் ஒருமுறை சோதிப்பது தவிர்க்க முடியாததாகிறது. மையக் கணினியும் திரை சொல்வதை அப்படியே நம்பாமல் தானும் சோதித்தே ஏற்க வேண்டும்.

இருப்பாய்வு கற்றுத்தரும் பாடம்

கணக்கியல் பயின்றவர்களுக்கு இது புதிதன்று. குறிப்பேட்டில் ஒவ்வொரு பதிவையும் அதற்குரிய சான்றுச்சீட்டுடன் ஒப்பிடுவது ஒரு சோதனை. ஆண்டிறுதியில் பேரேட்டு இருப்புகளைத் தொகுத்து இருப்பாய்வு தயாரிப்பது மற்றொரு சோதனை. இருப்பாய்வின் இரு பக்கங்களும் சமமாகிவிட்டால் எல்லாம் சரி என்று கொள்ளலாகாது என்பதை முதலாண்டு மாணவரும் அறிவார். ஒரு நடவடிக்கையை முற்றிலும் பதியாமல் விட்டிருந்தாலோ, ஒருவர் கணக்கிற்குப் பதிலாக வேறொருவர் கணக்கில் எழுதியிருந்தாலோ, ஒரு பிழை மற்றொன்றை ஈடுசெய்திருந்தாலோ இருப்பாய்வு அதனைக் காட்டாது. இறுதிச் சோதனைக்குத் தெரியாதவை உண்டு. பதிவு செய்யும் வேளையில் தெரியாதவையும் உண்டு. ஒன்று இருப்பதால் மற்றொன்றைக் கைவிட முடியாது.

பழைய கணக்கர்களிடம் ஒரு நுட்பம் இருந்தது. இரு பக்கங்களுக்கும் இடையிலான வேறுபாடு 9 ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம்மாறி எழுதப்பட்டிருக்கலாம் என்று ஊகிப்பார்கள். 7,850 என்பதை 7,580 என்று எழுதினால் வேறுபாடு 270. அது 9 இன் 30 மடங்கு. இலக்கங்கள் இடம்மாறுவது மனித விரல்களின் இயல்பான பிழை. இதனை ஆண்டிறுதி வரை காத்திராமல், எண்ணை எழுதி முடித்தவுடனேயே கண்டறியும் வழியைத்தான் சோதனை இலக்கம் தருகிறது.

கடன் அட்டை, பற்று அட்டை எண்களில் உள்ள கடைசி இலக்கம் அத்தகையது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1954 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை அதற்கு அடிப்படை. வலப்புறத்திலிருந்து தொடங்கி, ஒன்று விட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டிக்க வேண்டும். இரட்டித்ததில் ஈரிலக்க எண் வந்தால் அவ்விரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மொத்தம் 10 ஆல் வகுபட வேண்டும். 2758 என்ற சிறிய எண்ணைச் சோதிப்போம். 8 அப்படியே, 5 இரட்டித்தால் 10, அதாவது 1, 7 அப்படியே, 2 இரட்டித்தால் 4. மொத்தம் 20. எண் சரி. விரல் தவறி 2578 என்று எழுதினால் 8, 5, 5, 4 என மொத்தம் 22 ஆகிவிடும். பிழை உடனே வெளிப்படும்.

இம்முறை தனி இலக்கப் பிழைகள் அனைத்தையும் பிடித்துவிடும். அடுத்தடுத்த இலக்கங்கள் இடம்மாறுவதில் 09 என்பது 90 ஆகும் ஒன்றை மட்டும் தவறவிடும். அந்தக் குறையும் இல்லாத ஒரு முறையை டச்சுக் கணிதவியலாளர் யாகோபஸ் வெர்ஹூஃப் 1969 இல் வெளியிட்டார். நமது 12 இலக்க ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் இந்த வெர்ஹூஃப் முறையில் அமைந்ததாகும். எல்லா இலக்கங்களும் எழுதி முடிந்த பின்னரே இக்கணக்கைப் போட முடியும் என்பதைக் கவனிக்க வேண்டும். இவற்றுக்கு உகந்த வேளை கட்டத்தை விட்டு நகரும் வேளையே.

பணம் சென்ற பின் தெரியும் பிழை

இத்தனை பாதுகாப்புகளும் ஓரிடத்தில் வலுவிழக்கின்றன. வங்கிக் கணக்கு எண்தான் அந்த இடம். இந்தியாவில் எல்லா வங்கிகளுக்கும் பொதுவான கணக்கு எண் அமைப்பு இல்லை. இலக்கங்களின் எண்ணிக்கையே வங்கிக்கு வங்கி வேறுபடுகிறது. எதிர்முனை வங்கியின் கணக்கு எண் வடிவில் சரிதானா என்று திரையால் உறுதியாகச் சொல்ல இயலாது. அதனால்தான் பயனாளியின் கணக்கு எண்ணை இருமுறை பதியக் கோருகிறோம். முதற்கட்டத்தில் எழுதியதைப் புள்ளிகளாக மறைப்பதும், நகலெடுத்து ஒட்டுவதைப் பல திரைகள் தடுப்பதும் இதன் பொருட்டே. முதல் முறை செய்த பிழையை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் இரு கட்டங்களும் ஒத்துப்போகும், பிழையும் நிலைத்துவிடும்.

இரண்டு முறை எழுதியதும் ஒன்றாக இருப்பதாலேயே அந்த எண் உரியவருடையது என்றாகிவிடாது. எண்ணைக் குறித்துக் கொடுத்தவரே தவறாகக் குறித்திருக்கலாம். நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். பரிமாற்றங்களில் கணக்கு எண்ணை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு வரவு வைக்கப்படுகிறது, பெயர் ஒப்பிடப்படுவதில்லை. இல்லாத ஒரு கணக்கிற்கு நெஃப்ட் மூலம் அனுப்பிய தொகை, அந்தத் தொகுப்பின் தீர்வு முடிந்த இரண்டு மணி நேரத்திற்குள் திருப்பி அனுப்பப்பட வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த எண் வேறு எவருடையதாகவோ இருந்துவிட்டால் தொகை அவரது கணக்கில் சேர்ந்துவிடும். அதன்பின் அவரது இசைவின்றி அதனைத் திரும்பப் பெறுவது எளிதன்று. மகளின் கல்லூரிக் கட்டணமோ, மருத்துவமனைக்குச் செலுத்த வேண்டிய தொகையோ முன்பின் அறியாத ஒருவர் கணக்கில் நின்றுவிட்டால் அந்தக் குடும்பம் படும் தவிப்பு சொல்லுக்கு அடங்காது.

இங்கு பழுது, சோதனை இல்லாததில் இல்லை. பெயரைப் பார்க்கும் சோதனை, பணம் சென்ற பின்னரே நிகழ்ந்ததில்தான் இருந்தது. பணம் வரவில்லை என்று உரியவர் சொல்லும்போதே அனுப்பியவருக்குத் தெரியவந்தது. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்டும், 2020 டிசம்பர் 14 முதல் ஆர்.டி.ஜி.எஸ். சேவையும் நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் இயங்குகின்றன. நள்ளிரவில் அனுப்பும் பணத்திற்கு அருகிலிருந்து பார்த்துச் சொல்ல அலுவலர் எவரும் இல்லை.

இந்திய ரிசர்வ் வங்கி 2024 டிசம்பர் 30 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இந்த வேளையை மாற்றியமைத்தது. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். பரிமாற்றங்களில் பணம் அனுப்புவதற்கு முன்னரே பயனாளியின் பெயரைத் திரையில் காணும் வசதியை 2025 ஏப்ரல் 1 க்குள் வங்கிகள் வழங்க வேண்டும் என்று அது பணித்தது. யு.பி.ஐ., ஐ.எம்.பி.எஸ். முறைகளில் இத்தகைய வசதி முன்னரே இருந்தது. கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் பதிந்ததும், எதிர்முனை வங்கியின் பதிவேட்டில் உள்ள பெயர் திரையில் தோன்றும். இணைய வழியில் மட்டுமின்றி, கிளைக்கு வந்து பணம் அனுப்புவோருக்கும் இவ்வசதி உண்டு.

காசோலைக்கும் இதே சிந்தனை பொருந்தியுள்ளது. 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள பாசிட்டிவ் பே முறையில், 50,000 ரூபாயும் அதற்கு மேலும் காசோலை வழங்குபவர், அதன் எண், தேதி, தொகை, பெறுபவர் பெயர் ஆகியவற்றைத் தம் வங்கிக்கு முன்கூட்டியே தெரிவிக்கலாம். 5 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளுக்கு வங்கிகள் இதனைக் கட்டாயமாக்கவும் இடமுண்டு. தீர்வகத்தில் காசோலை வந்து நின்றபின் ஐயப்படுவதற்குப் பதிலாக, ஒப்பிட வேண்டிய விவரம் முன்பே வந்து காத்திருக்கிறது.

சொல்லும் முறை

பிழையை எப்போது சொல்வது என்பதோடு, எப்படிச் சொல்வது என்பதும் சேர்ந்தே வருகிறது. 'தவறான உள்ளீடு' என்ற இரண்டு சொற்களால் எவருக்கும் பயனில்லை. 'ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டின் ஐந்தாவது இடத்தில் பூஜ்யம் இருக்க வேண்டும்' என்றால் உடனே திருத்தலாம். ஒரு கட்டத்தின் பிழைக்காக மற்றக் கட்டங்களில் எழுதியவற்றை அழித்துவிடும் திரை, ஒரு சிறு பிழைக்காக முழுச் சீட்டையும் கிழித்துப் போடும் எழுத்தரை ஒத்தது.

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள், 2008 முதலே இதுபற்றித் தெளிவாகக் கூறுகின்றன. பிழையை எழுத்தாலும் சுட்ட வேண்டும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. சிவப்பு நிறத்தைப் பிரித்தறிய இயலாதவருக்கும், திரையை ஒலியாகக் கேட்டுப் பயன்படுத்தும் பார்வையற்றவருக்கும் சிவப்புக் கோடு மட்டும் போதாது. நிதி சார்ந்த நடவடிக்கைகளில், செய்ததை மாற்றிக்கொள்ளும் வாய்ப்போ, பிழையைக் கண்டு திருத்தும் வாய்ப்போ, இறுதியாக ஒருமுறை பார்த்து உறுதிசெய்யும் வாய்ப்போ இருக்க வேண்டும் என்பதும் அவ்வழிகாட்டுதல்களில் அடங்கும்.

கிளைகளில் நாங்கள் பின்பற்றும் இருவர் முறையும் இதனைச் சார்ந்ததே. ஒருவர் பதிவார், மற்றொருவர் அதனை மூலச் சீட்டுடன் ஒப்பிட்டு ஒப்புதல் அளிப்பார். பதிந்தவரின் கண்ணுக்குத் தப்பியது இரண்டாவது கண்ணுக்குப் படும். கைபேசியில் பணம் அனுப்பும்போது அந்த இரண்டாவது கண் வாடிக்கையாளருடையதே.

வாடிக்கையாளர் கவனத்திற்கு

மேற்கூறியவற்றின் அடிப்படையில், திரையில் படிவம் நிரப்பும்போது கைக்கொள்ளத்தக்க சிலவற்றை இங்கே தருகிறோம்.

தேவையான ஆவணங்களை முன்னரே எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பாதியில் எழுந்து சென்று தேடும்போது திரை காலாவதியாகலாம். அவசரத்தில் பிழையும் நேரலாம்.

ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டைப் பதிந்ததும் தோன்றும் வங்கி, கிளைப் பெயர்களைப் படியுங்கள். வடிவில் சரியான குறியீடு வேறொரு கிளைக்கு உரியதாக இருக்கக்கூடும்.

கணக்கு எண்ணை இரண்டாம் முறை பதியும்போது நினைவிலிருந்து எழுதாதீர்கள். பாஸ்புக்கையோ காசோலையையோ மீண்டும் பார்த்தே எழுதுங்கள். இருமுறை கேட்பதன் நோக்கம் அப்போதுதான் நிறைவேறும்.

பயனாளியின் பெயர் தோன்றும்போது நின்று படியுங்கள். முதலெழுத்து முன்னும் பின்னுமாக இருப்பது, தந்தையின் பெயர் விரித்து எழுதப்பட்டிருப்பது போன்ற சிறு வேறுபாடுகள் இயல்பானவை. முற்றிலும் வேறு பெயர் தோன்றினால் அத்துடன் நிறுத்துங்கள். 'பெயரைப் பார்க்க வேண்டாம், உடனே அனுப்புங்கள்' என்று தொலைபேசியில் எவரேனும் அவசரப்படுத்தினால், அனுப்பாதிருப்பதே அறிவுடைமை.

பெருந்தொகையைப் புதிய கணக்கிற்கு அனுப்பும்போது, முதலில் சிறு தொகையை அனுப்பி, உரியவருக்குக் கிடைத்ததை அவரிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். புதிதாகச் சேர்த்த பயனாளிக்குச் சில மணி நேரம் வரை தொகை வரம்பு விதிக்கும் வழக்கம் பல வங்கிகளில் உண்டு. தாமதமாகத் தோன்றும் அந்த இடைவெளி தங்கள் மறுபரிசீலனைக்கென்றே தரப்படுவது.

ஐயம் எழுந்தால் 'ரத்து' பொத்தானைத் தயங்காமல் அழுத்துங்கள். படிவத்தைப் பாதியில் விடுவதால் தங்கள் கணக்கிற்கு எந்த ஊறும் நேராது. திரையைக் கடப்பதற்காகத் தெரியாத விவரத்தை இட்டு நிரப்ப வேண்டா. எந்தத் திரையாவது வெளியேற விடாமல் தடுத்தால், அதனைக் கிளையில் தெரிவியுங்கள். அத்தகைய குறைகள் திருத்தப்பட வேண்டியவை.

தவறான கணக்கிற்குப் பணம் சென்றுவிட்டால் அடுத்த நாள் வரை காத்திராமல் உடனே வங்கிக்குத் தெரிவியுங்கள். பரிமாற்ற எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் 1930 என்ற தேசிய உதவி எண்ணை உடனே அழையுங்கள். தொகை வேறு கணக்குகளுக்கு மாற்றப்படுமுன் நிறுத்திவைக்கும் வாய்ப்பு, தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் குறைகிறது.

மென்பொருள் எண்ணின் வடிவத்தை அறியும். சோதனை இலக்கத்தைக் கணக்கிடும். விழுக்காடுகளைக் கூட்டிப் பார்க்கும். தாங்கள் யாருக்குப் பணம் அனுப்ப எண்ணினீர்கள் என்பதை அது அறியாது. அதனை அறிந்தவர் தாங்கள் ஒருவரே. 'உறுதி செய்' என்ற பொத்தானுக்கு முன்னதாகத் திரை காட்டும் அந்த ஒரு பக்கத்தை, பெயரிலிருந்து தொகை வரை ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டு அழுத்துமாறு வாடிக்கையாளர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.